குளிர்ந்த எண்ணெய், சூட்டுக் கோடு

பாஸ்டிக்குக் கெட்சப்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தின் மேல் குழம்பை ஊற்றித் தின்கிறவர்களும் மிஷிகனின் இந்த வடகோடியில் உண்டு. அவர்களை நாங்கள் திட்டுவதில்லை. வீட்டுக்குக் கூப்பிடுவதும் இல்லை. ஆரின் போட்ரி குழம்புக்காரர். அவருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பு காய்ச்சினாள். தானும் ஊற்றிக்கொண்டாள். நீங்கள் காரணம் கேட்டதால் இதைச் சொல்கிறேன். இது காரணம் ஆகாது என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

ஆரின் எனக்கு மாலை வகுப்பில் கார் பராமரிப்பு சொல்லிக்கொடுத்தவர். அம்மாவை அவருக்கு அறிமுகம் செய்தவனும் நான்தான். என் காரை நானே வகுப்பில் கழற்றிப் போட்டுவிட்டதால், ஒருநாள் அவள் என்னைக் கூட்டிப்போக வந்தாள். அப்புறம் என் கார் சரியான பிறகும் வந்தாள்.

அவர் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயைப் பார்ப்பது. என்ஜின் எண்ணெயைப் போல வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. வண்டி ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும், என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுக்க வேண்டும். கோலில் இரண்டு கோடுகள். கீழ்க்கோடு குளிர்ந்த எண்ணெய்க்கு, மேல்கோடு சூடானதற்கு.

"குளிர்ந்த வண்டியில மேல்கோடு வரைக்கும் ஊத்தாதீங்கடா," என்பார் ஆரின். "சூடேறினா பொங்கும், நுரைச்சுக்கும். நுரையை வச்சுக்கிட்டு கியர் பிடிக்காது." பிறகு பின்வரிசை மாணவனைப் பார்த்து, "டெர்ரி, பீர் நுரைக்கும் பிடிக்காது. வீட்டுல போய் முயற்சி பண்ணாத."

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இந்தப் பிழையைச் செய்வார்கள். நான் செய்யவில்லை. எதையும் இரண்டு முறை பார்ப்பவன் நான். பார்த்த பிறகும் சந்தேகம் விடாது. தேர்வில் நூற்றுக்கு நூறு.

அவருடைய கார் பழைய நீல வண்டி. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், மனக்கணக்கில்தான் ஓட்டுவார். கியர்பாக்ஸ் எண்ணெயை ஒருநாளும் மாற்றியதில்லை. "இந்த வயசுல புது எண்ணெய் ஊத்தினா இது செத்துடும். உள்ள இருக்கிற அழுக்குதான் பிடிச்சு வச்சிருக்கு. என்னை மாதிரி." அம்மா அதற்குத் தேவைக்கு அதிகமான நேரம் சிரித்தாள்.

நவம்பரில் சொன்னார்கள்: வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் அரிசோனாவுக்குப் போகிறார்கள்.

"கண்ணு, உனக்கு இருபத்திநாலு வயசாச்சு," என்றாள் அம்மா. "மைக்ரோவேவை உனக்கே விட்டுட்டுப் போறேன்."

"நான் என்னம்மா சாப்பிடுவேன்?"

"அதுக்குத்தான்டா மைக்ரோவேவ்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆரின் நல்ல மனிதர். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யாராவது குளிரில் நடுங்கினால் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் குணத்தை நம்பித்தான் நான் இதில் இறங்கினேன்.

வழியனுப்பும் பரிசாக அவர் காரைப் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"கியர்பாக்ஸ்ல மட்டும் கை வைக்காத தம்பி."

"சும்மா எண்ணெய் எவ்வளவு இருக்குன்னுதான் பார்ப்பேன்."

"பாரு, பாரு. பார்க்கிறதுக்குத்தான நூறு வாங்கின."

பார்த்தேன். ஆறிப்போன டீயின் நிறம், தீய்ந்த வாசனை. மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேடு சொல்கிறது. மாற்றினேன். புது எண்ணெய் இருமல் மருந்து போலச் சிவப்பாக இருந்தது. அவர்கள் கிளம்பும் நாளின் காலைக் குளிரில், என்ஜினை ஓடவிடாமல், மேல்கோட்டையும் தாண்டி ஊற்றினேன். புதிதாகப் படிக்கிறவன் செய்யும் பிழை. உங்கள் போலீஸ்காரர்களின் முதல் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்ததாம். நான் அதைப் பிழையாகச் செய்யவில்லை.

ஆனால் அது போதுமா என்று சந்தேகம் வந்தது. எனக்கு எப்போதும் வரும். ஆகவே பாரத்தைக் குறைத்தேன். பழைய கியர்பாக்ஸுக்குப் பாரம் ஆகாது. முதலில் பின்பெட்டியிலிருந்த மண்வாரியையும் மணல் மூட்டையையும் எடுத்தேன். பிறகு காபி டப்பாவை எடுத்தேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சாக்லேட் எல்லாம் போட்டு, பனியில் மாட்டிக்கொண்டால் உதவும் என்று இங்கே எல்லோரும் வண்டியில் வைத்திருப்போமே, அதுதான். கனமில்லைதான். ஆனாலும் பாரம் பாரம்தானே. பிறகு குளிரில் உள்ளே நுழைந்து படுக்கும் இரண்டு தூக்கப்பைகள். பிறகு பெட்ரோல். நிறைந்த டாங்க் எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். குழாய் போட்டு முக்கால்வாசியை உறிஞ்சி எடுத்தேன்.

ஒரு போர்வையை மட்டும் விட்டேன். அம்மாவின் பச்சைக் கம்பளி. அவள் உட்காரும் இருக்கையில், தெளிவாகத் தெரியும்படி மடித்து வைத்தேன்.

மேற்கே போகும் சதுப்புநிலச் சாலை உங்களுக்குத் தெரியும். அங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட விழாது. எண்ணெய் நுரைக்கும், வண்டி நிற்கும். பெட்ரோல் உள்ளவரை சூடு இருக்கும், அப்புறம் இருக்காது. பனியில் வண்டி நின்றால் உள்ளேயே இருங்கள், இறங்கி நடக்கிறவன் செத்தான் என்று வகுப்பில் சொன்னவர் ஆரின்தான். ஆனால் ஒரே போர்வையோடு அம்மா நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. போர்வையை அவளுக்குச் சுற்றிவிட்டு உதவி தேடி நடப்பார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். பனி தள்ளும் வண்டி வரும். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள். நான் கெட்சப் புதுப் புட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே நடந்தது. வண்டி நான் நினைத்த இடத்துக்குச் சற்று முன்பே நின்றது. அது பழைய எண்ணெயின் அழுக்கு போனதாலா, புது எண்ணெய் பொங்கியதாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆரினைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நேற்று நீங்கள் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டது அந்த ஒன்றுக்காகத்தான். பனி தள்ளுகிறவர் இருவரையும் உறைந்துபோன நிலையில் சாலையில் பார்த்தார், வண்டியில் அல்ல. போர்வை ஆரின் மேல் இருந்தது. அம்மா அதற்கு வெளியே இருந்தாள்.

இது மட்டும் எனக்குப் புரியவில்லை. போர்வை ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அது யாருடையது என்றும் தெரியும். அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏன் போக வேண்டும்? எண்ணெய், பாரம், சாலை, ஆரினின் குணம், எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தவன் நான். இதை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

பேனாவைக் கொடுங்கள். ஆரின் போட்ரியைக் கொன்றது நான்தான்; அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவது தாளில் அம்மாவின் பெயர் இருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள். அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. கதவைத் திறந்தது அவள்தான்.