கிழமைக்கு ஒரு அடி

— இவ ஆர்?

— எவ?

— இந்த மஞ்சள் கோட்டுக்காரி. நிப்பாட்டுங்கோ படத்தை. இந்தா, நீட்டுத் தடியொண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

— பெற்றிசியா, நான் உமக்குத் தூணைக் காட்டுறன். நிலத்துக்குக் கீழை, இருபத்தெட்டு மீற்றர் ஆழத்திலை ஒரு ரெயில் ஸ்ரேசன் எழும்புது. உலகத்திலை எத்தினை பேர் அதைக் கண்ணாலை கண்டிருப்பினம்? நீர் என்னெண்டால் ஆரோ ஒருத்தியை...

— தூணைப் பாத்திட்டன். நல்ல தூண். நான் கேட்டது, இவ ஆர் எண்டு.

— லோர்னா. பிலிப்பைன்ஸ்காரி. அளவெடுக்கிற பகுதியிலை வேலை.

— பேர் சட்டெண்டு வருது! பெரியம்மா, கேட்டனீங்களே?

— காது திறந்துதானே கிடக்கு, பிள்ளை. பஸ்ரியன் தம்பி, குறை நினையாதேங்கோ. கலியாணத்துக்கு முன்னம் ரெண்டு பேரும் தனிய இருக்கப்படாதெண்டு இவளின்ரை தாய்தான் என்னை இருத்திப்போட்டுப் போனவ. நான் இந்த மூலையிலை இருந்து றால் உடைக்கிறன். என்னை ஒரு ஆளாக் கணக்கெடாமச் சண்டை பிடியுங்கோ.

— சண்டை இல்லை, றஞ்சிதம் மாமி. இவவுக்கு விளங்கேல்லை. கட்டாரிலை எனக்கு வேலையே இதுதானே. ஒவ்வொரு வியாழனும் காலமை பத்து மணிக்குக் கீழை இறங்கி, ஒரே இடத்திலை கமராவை வைச்சு, ஒரே ஒரு படம். கமராக் காலுக்கெண்டு நிலத்திலை மூண்டு ஆணி அடிச்சிருக்கு. அரை விரலளவும் அசைக்கப்படாது. அது விதிமுறை. லீவைத் தள்ளித் தொண்ணூற்றாறு கிழமை, தொண்ணூற்றாறு படம். லப்ரொப்பிலை இந்தப் பொத்தானை அமத்திப் பிடிச்சால் ஸ்ரேசன் தானா எழும்பிற மாதிரி ஓடும்.

— எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை, தம்பி. அது பாலைவனம் எண்டுறாங்கள். மேலை வெளியாக் கிடக்குது. பிறகேன் ரெயிலைக் கீழை விடுறாங்கள்? எங்கடை வங்காலையிலை ரெண்டு முழம் கிண்டினால் உப்புத் தண்ணி. பங்கர் வெட்டேக்கை நாங்கள் பட்ட பாடு! அதுக்குள்ளை இருந்து வந்த சனத்தை இனிக் காசு தந்தாலும் கீழை இறக்கேலாது.

— பெரியம்மா, ரெயிலை விடுங்கோ. நாளைக்கு ஞாயிறு. பூசையிலை சுவாமி எங்கடை ரெண்டாவது ஓலை வாசிப்பார். இன்னாரும் இன்னாரும் விவாகம் செய்யப் போகினம், தடை ஏதும் தெரிஞ்சவை அறிவியுங்கோ எண்டு கேப்பார். இவர் இப்ப எனக்கு ஒழுங்கான பதில் சொல்லாட்டி, எழும்பி நிக்கிற முதல் ஆள் நான்தான்.

— மாதாவே! மணவாட்டியே எழும்பித் தடை சொன்ன கதை இந்தப் பங்கிலை இல்லையடி.

— இனி இருக்கும்.

— பெற்றிசியா, கொஞ்சம் பொறும். அவ அளவுக்கு நிக்கிறா. தடியிலை சிவப்பும் வெள்ளையுமாக் கோடு போட்டிருக்குத் தெரியுதே? ஒரு கோடு ஒரு மீற்றர். படத்தைப் பாக்கிற எஞ்சினியருக்குத் தூணின்ரை உயரம் அதை வைச்சுத்தான் தெரியும். தடி தனிய நிக்காது. பிடிக்க ஒரு ஆள் வேணும். அது விதிமுறை.

— உதட்டுக்குச் சிவப்புப் பூசோணும் எண்டும் விதிமுறையிலை கிடக்கோ?

— எங்கை?

— நாப்பதாவது கிழமையிலை இருந்து.

— நான் கவனிக்கேல்லை.

— தோடு மாறினது?

— ஹெல்மெற் போட்டால் தோடு தெரியுமே?

— தெரியுது. முதல் படத்துக்குப் போங்கோ. இதிலை அவ எங்கை நிக்கிறா?

— தூணோட ஒட்டி. அங்கைதான் நிக்கோணும்.

— பத்தாவது?

— தூணடியிலைதான்... இல்லை, கொஞ்சம் இஞ்சாலை.

— முப்பது?

— இன்னும் கொஞ்சம் இஞ்சாலை. மழைத் தண்ணி நிண்டிருக்கும்.

— பாலைவனத்திலை, இருபத்தெட்டு மீற்றர் ஆழத்திலை, மழைத் தண்ணி! எழுபதைப் போடுங்கோ. இதிலை மூக்கு எவ்வளவு வடிவாத் தெரியுது. கன்னத்திலை மச்சம் தெரியுது. எண்பத்தைஞ்சு? பல்லை எண்ணலாம். இஞ்சேருங்கோ, இந்த மனுசி கிழமைக்கு ஒரு அடியா உங்களிட்டை நடந்து வந்திருக்கிறா.

— பொறும்! பொறும், பொறும். அப்ப தூண் கட்டையானது இதாலையோ!

— என்ன கட்டை?

— ஐம்பதாவது கிழமை பெரிய எஞ்சினியர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டவர். "படத்திலை தூண் வரவரக் கட்டையாகுது. நிலம் தாழுதோ?" எண்டு கேட்டார். மூண்டு நாள் வேலையை நிப்பாட்டிப்போட்டு நிலத்தைத் துளைச்சுப் பாத்தவங்கள். எனக்குக் கமராக் கண்ணாடி ரெண்டு தரம் மாத்தித் தந்தவங்கள். தடி கமராவுக்குக் கிட்ட வந்தால் தடி பெரிசாத் தெரியும், பின்னாலை நிக்கிற தூண் சின்னனாத்தானே தெரியும்! ஒருத்தருக்கும் இது மூளையிலை ஓடேல்லை. பெற்றிசியா, நீர் கெட்டிக்காரி. இதை இண்டைக்கே அவைக்கு எழுதிப் போடவேணும்.

— எழுதுங்கோ. "ஒரு பொம்பிளை என்னை விரும்பினதாலை தூண் கட்டையாப் போச்சுது" எண்டு எழுதுங்கோ.

— என்னையோ?

— இல்லை, கமராக் காலை.

— ஒருத்தனிட்டைப் போகவெண்டு ஒரு ஸ்ரேசனையே தாழ்த்திப் போட்டாளடி பெட்டை!

— சிரியாதேங்கோ பெரியம்மா. எனக்குப் பயமாக் கிடக்கு. இந்த மனுசி ரெண்டு வருசமா இவருக்கு முன்னாலை நிண்டவ. நான் இவரோட கதைக்கத் துவங்கி ரெண்டு மாசம், அதுவும் வாட்சப்பிலை. தொண்ணூறாவது படத்திலை ஒரு மீசைக்காரன் தடி பிடிக்கிறான். லோர்னா எங்கை? உண்மையைச் சொல்லுங்கோ, உங்கடை அம்மாவாணை.

— அம்மாவாணை, வேலையை விட்டிட்டு ஊருக்குப் போட்டா. போற அண்டைக்குக் கீழை இறங்கி வந்து, காய்ஞ்ச மாம்பழம் ஒரு பெட்டி தந்தவ.

— வாங்கினீங்களோ?

— நல்ல மாம்பழம். பிறகு, "எனக்குச் சொல்ல உங்களிட்டை ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டவ.

— நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— "தடியை ஸ்ரோரிலை குடுத்துக் கையெழுத்து வாங்குங்கோ, இல்லாட்டிச் சம்பளத்திலை வெட்டுவாங்கள்" எண்டு சொன்னனான்.

— சேசுவே!

— விதிமுறை அதுதானே, மாமி.

— அழுதவவோ?

— கண்ணுக்குள்ளை தூசி எண்டவ. அங்கை தூசிதானே. நான் தண்ணிப் போத்தல் எடுத்துக் குடுத்தனான்... பெற்றிசியா, எனக்கு இப்ப நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது. நல்ல மனுசி. ஒரு வியாழன் கூடப் பிந்தினதில்லை. ரெண்டு வருசமா ஒராள் என்னைப் பாத்து நடந்து வர, நான் அவவுக்குப் பின்னாலை கிடந்த காங்கிறீற்றைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்.

— செய்யட்டும். கொஞ்சம் செய்யத்தான் வேணும்.

— பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். ஓலையை வாசிக்க விடு. இந்தத் தம்பி சீவியத்திலை உனக்குத் துரோகம் செய்யமாட்டார். அதுக்கு முதல்லை பொம்பிளை கண்ணுக்குத் தெரிய வேணும்.

— மாமி, அப்பிடி மட்டமாச் சொல்லாதேங்கோ. வேலையிலை நிக்கேக்கை நான் வேலையைப் பாக்கிறனான். மற்றும்படி எனக்கும் கண் இருக்கு. தரகர் அந்தோனிமுத்து எனக்குப் பதினொரு பொம்பிளைப் பிள்ளையளின்ரை படம் அனுப்பினவர். நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கேல்லை. இவவின்ரை படத்தைத்தான் காட்டினனான். ஆரும் சொல்லித் தரேல்லை. அது என்ரை சொந்தக் கண்.

— அது சரி. ஆனால் பிள்ளை, நானும் இஞ்சை இருந்து எட்டி எட்டிப் பாத்தனான். அந்தப் பெட்டை நடந்து வாறது எனக்குத் தெரியேல்லை. படமெடுத்தவருக்குத் தெரியேல்லை. அத்தினை எஞ்சினியருக்கும் தெரியேல்லை. உனக்கு மட்டும் எப்பிடிக் கண்டவுடனை பிடிபட்டது?

— மடுத் திருவிழாப் படங்கள் இதுக்குள்ளை கிடக்கோ?

— ஓம். லீவிலை வாற ஒவ்வொரு ஆவணியும் எடுக்கிறனான். மாதாவின்ரை சுருவம் சுத்தி வரேக்கை, அதே மரத்தடியிலை, அதே இடத்திலை நிண்டு. ஆறு வருசம். ஏன்?

— அதையும் ஓட்டுங்கோ.

— அதிலை ஒருத்தரும் தடி பிடிக்கேல்லையே, பெற்றிசியா.

— நீலக் குடை பிடிச்சிருக்கு. ஓட்டுங்கோ.

— முதலாம் வருசம்... ஓம், ஒரு குடை. சனத்துக்குப் பின்னாலை, கச்சான் கடலைக்காரியின்ரை பக்கத்திலை. ரெண்டாம் வருசம் சனத்துக்குள்ளை. மூண்டாம் வருசம் சுருவத்துக்குக் கிட்ட. நாலாம் வருசம் சுருவத்துக்கு முன்னாலை. ஐஞ்சாம் வருசம் குடையைச் சரிச்சுப்போட்டு நேர கமராவைப் பாத்துச் சிரிக்கிறது... நீர்!

— ஓம்.

— ஆறாம் வருசப் படத்திலை நீர் இல்லையே?

— எப்பிடி இருப்பன்? உங்கடை முகத்துக்கு நேர வந்து நிண்டனான். "தங்கச்சி, மாதாவை மறைக்கிறீர், அங்காலை தள்ளும்" எண்டியள். தள்ளினனான்.

— கடவுளே, நானோ அப்பிடிச் சொன்னனான்! எண்டாலும் பாரும், ஆண்டவரின்ரை சித்தம், தரகர் அந்தப் பதினொண்டுக்குள்ளை உம்மடை படத்தையும் வைச்சிருக்கிறார்.

— ஆண்டவரின்ரை சித்தமில்லை, அந்தோனிமுத்தண்ணையை அனுப்பினதே நான்தான், மிச்சப் பத்துப் பேரும் கலியாணம் முடிச்சுப் பிள்ளை குட்டியோட இருக்கிறவை.