பிசிறில்லாத இறக்கை

பொம்மை விமானம் செய்கிற பால்சா மரத்தை அவசரப்பட்டு அறுக்கக் கூடாது, சார். பிசிறு விழுந்தால் இறக்கை ஒருபக்கம் சாயும். விமானம் யார் தலையிலாவது இறங்கிவிடும். அதனால்தான் ஆலைக் குடியிருப்பு மைதானத்தில் நான் பறக்கவிடும்போது, வேடிக்கை பார்ப்பவர்களைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவேன். நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகும். அது நம்மைச் சுற்றிப் பறக்கும்.

பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு என்னைப் பார்த்துத்தான் இதில் இறங்கினான். பசை பூசிய விரலை வேட்டியில் துடைப்பான். அவன் ஒட்டிய இறக்கையெல்லாம் வெற்றிலைக் கறை. மூக்கைச் சிந்திய கையால் என் விமானத்தையும் தடவுவான். அவன் போனதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். துடைத்ததையே மறுபடியும் துடைப்பேன்.

எஃகுக் கம்பிக்குப் பதில் அவன் தூண்டில் நரம்பு கட்டியிருந்தான். அது ஒருநாள் அறுந்து, விமானம் அவன் மனைவி பாப்பாத்தியின் கன்னத்தைக் கிழித்தது.

"வுடுங்கண்ணே, மச்சம் மாதிரி அழகாத்தான் இருக்கு" என்று சிரித்தான். கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவனுக்கு நானே ஒரு விமானம் செய்தேன். கைப்பிடியைக்கூட இரும்பில் செய்தேன். கொடுத்தபோது அவன் கண் கலங்கி, எச்சில் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான். சகித்துக்கொண்டேன்.

மைதானத்தில் திருவிழாப் பந்தல் போட்டிருந்தார்கள். ரெட்டிபாளையம் போகும் வழியில் உள்ள தரிசுக்கு இருவரையும் அழைத்துப் போனேன்.

"அண்ணே, மேல கரண்டு கம்பி போவுதுங்களே. ஒண்ணும் ஆயிடாதுங்களா?" என்றாள் பாப்பாத்தி.

"நான் செஞ்ச பிளேன்மா இது. பயப்படாத."

அவன் நிற்க வேண்டிய இடத்தை நான்தான் காட்டினேன். விமானம் ஆடாமல் எழும்பியது. "இன்னும் மேல ஏத்துடா" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏற்றினான்.

அந்தக் கருகிய நாற்றம் இன்னும் என் சட்டையிலிருந்து போகவில்லை. கைப்பிடியில் அவன் உள்ளங்கைத் தோல் ஒட்டியிருந்தது. பாப்பாத்தி மண்ணில் புரண்டு அலறிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து அந்தத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கம்பியின் நீளம் தெரியாமல் கூடிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை, சார். மேலே போகும் மின்கம்பியை எட்டும்படி அளந்துதான் வெட்டினேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் வேலையில் பிழை இருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.