அசல் கோப்பைக்கு ஒரு சோதனை

கண்ணாடிக் கோப்பையைக் கழுவ வெந்நீர் ஆகாது, மேடம். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, கொஞ்சம் பொறுமை போதும். எனக்குப் பொறுமை அதிகம். கோபக்காரி என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

முதலாளி சேர்த்து வைத்திருந்த பழங்கோப்பைகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவரோ விருந்தாளிகளிடம், "நம்ம வீட்ல கிளாஸ் கழுவுற பொண்ணுகூட பட்டதாரி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன்.

கோப்பைகள் அழகுதான். நூல் நூலாக வெள்ளைக் கோடு ஓடும் கிண்ணம், தண்டில் சுருண்டு நிற்கும் கண்ணாடிப் பாம்பு, விளிம்பில் தங்கப்பூச்சு. ஆனால் முதலாளி பெருமையடித்ததுபோல் இத்தாலியில், வெனிஸ் நகரில் செய்தவை அல்ல. அந்தப் பாணியில் வேறெங்கோ, பின்னாளில் செய்தவை. வாயால் ஊதிச் செய்த கோப்பையில் இருக்காத, அச்சில் வார்த்த தழும்பு அடியில் இருந்தது. மனதில் பட்டதை அவரிடமே சொன்னேன்.

"நீ என்னத்தம்மா கண்ட? எல்லாம் அசல் வெனிஸ். விஷத்தை ஊத்திப் பாரு, சுக்குநூறா வெடிச்சிடும். அந்தக் காலத்து ராஜாவெல்லாம் இதை நம்பித்தான் குடிச்சான்."

"அது கட்டுக்கதை சார்."

"நாளைக்கு விருந்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்குற. இல்லேன்னா மூட்டையக் கட்டு."

வேலை போனால் போகிறது. செய்யாத தப்புக்கு மன்னிப்பா? அந்த வார்த்தை என் வாயில் வராது. நல்லவேளை, சோதனை முறையை அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். விருந்தில் பாம்புக் கோப்பையில் அவருக்குப் பழரசம் ஊற்றினேன். கூடவே எலி மருந்தும். கோப்பை அசலாக இருந்திருந்தால் வெடித்திருக்கும். அவரும் பிழைத்திருப்பார், நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? கோப்பையில் கீறல்கூட விழவில்லை. முதலாளிதான் விழுந்தார்.

மாரடைப்பாக இருக்கும் என்றார்கள். எனக்கும் வருத்தம்தான். முடிவைக் கேட்க மனிதர் இல்லையே. அதனால் அவர் தம்பியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன், அண்ணன் கோப்பை போலி என்பதை மட்டும்.

"சாவு வீட்ல பேசுற பேச்சாம்மா இது? அந்த ஒண்ணு வேணா போலியா இருக்கும். மத்ததெல்லாம் சொக்கத் தங்கம் மாதிரி."

யோசித்துப் பார்த்தால் அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்தையும் போலி என்று எப்படிச் சொல்வது? படித்தவள் அப்படிச் செய்யலாமா?

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் போலீஸ் ஜீப்பில் நீங்கள் வந்தீர்கள். முதலாளியைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். தம்பி வெளியூர் போயிருப்பதாக அவர் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறார். போகவில்லை, மேடம். கோப்பை அறையில்தான் இருக்கிறார். நீலக் கோப்பையை அவரே தேர்ந்தெடுத்தார். இன்னும் கையில் பிடித்தபடி இருக்கிறார், கோப்பை முழுசாக இருக்கிறது. ஆளைத் தூக்குகிறவர்களிடம் கொஞ்சம் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள். போலிதான் என்றாலும் கண்ணாடி இல்லையா, கீழே விழுந்தால் உடைந்துவிடும்.