தர்பூசணி பொன்ராஜ் அண்ணனைக் கொல்லவில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கிதர் முகம்மது அண்ணன் அவர்களே, மேடையில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், பொன்ராஜ் அண்ணனின் துணைவியார் சொர்ணலட்சுமி மதினி அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த திண்டுக்கல் நண்பர்களே, இடம் கிடைக்காமல் வியர்க்கும் நண்பர்களே! நிமிர்ந்து வணக்கம் சொல்லும் தகுதி எனக்கு இன்று இல்லை. குனிந்தே சொல்கிறேன்.

நம் வார இதழில் ‘யார் சொன்னது?’ என்ற பத்தியை எழுதிவந்த பொன்ராஜ் அண்ணன் மறைந்துவிட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்காரர் வந்து, “எண்பது சதவீதம் மக்கள் எங்க பக்கம்ணே, கணக்கெடுத்துட்டோம்” என்றார்.

“எத்தன பேர்ட்டப்பா கேட்டீக?”

“பத்துப் பேருண்ணே. எல்லாம் எங்க கட்சி ஆபீஸ்ல இருந்தவுகதேன்.”

“அப்ப அந்த ரெண்டு பேரு யாருன்னு மொதல்ல கண்டுபிடி!”

இந்தச் சித்திரையில், தர்பூசணிக்குள் ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு செய்தி செல்போன் செல்போனாகப் பரவியது. ஊசி குத்திய பழம் சீக்கிரம் அழுகிவிடுமே, எந்த வியாபாரி தன் சரக்கைத் தானே அழுக வைப்பான் என்று எழுதினார் அண்ணன். அது போதாதென்று எனக்குத் தோன்றியது. “அண்ணே, பேகம்பூர் பாத்திமா பழக்கடை முன்னாடி நின்னு ஒரு பழத்தத் தின்னு காட்டுங்க, வீடியோ எடுப்போம்” என்றேன்.

“ஏலே, நான் தின்னுட்டு உசுரோட இருந்தா அது ஆதாரமா? அப்ப தின்னுட்டுச் செத்தா அதையும் ஆதாரம்னுதான சொல்லுவாக?”

வீடியோ வேண்டாம் என்றவர், வெயிலுக்கு ஆசைப்பட்டுப் பாதிப் பழத்தை அங்கேயே சாப்பிட்டார். இரண்டு நாளில் மாரடைப்பு. இதயத்தில் அடைப்பு இருந்தது அவருக்கு முன்பே தெரியும்.

துக்க வீட்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். திருடனிடம் சாவியைக் கொடுத்த கதை! “மாரடைப்பு” என்றேன். ஒருவருக்கும் திருப்தியில்லை. இன்னும் ஏதோ வரும் என்று என் வாயையே பார்த்தார்கள். எனக்கோ எதையும் சப்பென்று முடித்துப் பழக்கமில்லை. “முந்தாநாள்கூட பாத்திமா கடையில தர்பூசணி ரசிச்சுத் தின்னாரு” என்று ஒரு வரி சேர்த்தேன். பொய்யா? இல்லை. தேவையா? அதுவும் இல்லை. ருசிக்காகச் சேர்த்தேன்.

சாயங்காலம் நிலக்கோட்டையிலிருந்து மாலை கொண்டுவந்த வேன்காரர் என் காதோரம் குனிந்தார். “விசயம் தெரியுமாண்ணே? ஊசி போட்ட தர்பூசணியாம். வாசல்ல நின்ன சொந்தக்காரரே சொன்னாராம்!”

யார் சொன்னது? நான் சொன்னது! அப்போதாவது மறுத்தேனா? “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம்!

எந்தப் புரளியை அண்ணன் எதிர்த்தாரோ, அதே புரளி இப்போது அவர் படத்தோடு சுற்றுகிறது. நீங்கள் யாரும் கை தூக்க வேண்டாம். எனக்கே அதை அனுப்பியவர்கள் நீங்கள்தான். பாத்திமா கடையில் குவிந்த பழங்கள் வாங்க ஆளில்லாமல் வெடித்துக் கிடக்கின்றன. நேற்றுப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்ப வச்சு நான் யாவாரம் பாக்கவா? அண்ணன் தின்னது போக மிச்சப் பாதிய நாந்தேன் தின்னேன். நான் எப்பச் சாவேன்னும் அந்த வாட்ஸப்புல கேட்டுச் சொல்லுங்க! இல்லேன்னா, வாசல்ல நின்னு சொன்ன அதே சத்தத்துல மேடையில நின்னு சொல்லுங்க.”

சொல்கிறேன். பொன்ராஜ் அண்ணன் மாரடைப்பால் இறந்தார். பழத்தால் அல்ல! யார் சொன்னது? சிகிச்சை அளித்த மருத்துவர் சொன்னது. மதினியும் நானும் பக்கத்தில் நின்று கேட்டது.

அந்தப் பத்தியை இனி நான் எழுதுகிறேன் என்று மதினியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். “ஒரு வரிகூட ருசிக்குச் சேக்கக் கூடாது தம்பி” என்றார். சேர்க்க மாட்டேன்.

வெளியே பாத்திமாவின் தள்ளுவண்டி நிற்கிறது. எதையும் நிரூபிப்பதற்காகத் தின்னாதீர்கள், அண்ணன் கோபித்துக்கொள்வார். வெயிலுக்குத் தின்னுங்கள். வீட்டில் கேட்டால், பழம் இனித்தது என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

நானும் நிறுத்துகிறேன்.