கல் இறக்கத்துக்கு முன்னால் சைக்கிளை மறித்தது பற்றி

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. நானும் என் கணவரும் சைக்கிள் கடை வைத்திருக்கிறோம். புது சைக்கிள் பூட்டுவது, பழையதைப் பிரித்துச் சரிபார்ப்பது என் வேலை. சாமான் தருவிப்பதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவர் வேலை. என் மீது புகார் கொடுத்திருப்பவர் அவருடைய தங்கை. வீட்டில் சின்னி என்று கூப்பிடுவோம். மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறவள். எங்களுக்குள் முன்விரோதம் கிடையாது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் வருகிற சில்லறைச் சண்டைகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை.

இந்தப் பந்தயத்துக்காக அவளுக்கு ஒரு சைக்கிள் பூட்ட ஒப்புக்கொண்டேன். ஃபிரேம் புதியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மட்டும் அவளுடைய பழைய சைக்கிளில் இருந்து கழற்றியது. கைக்குப் பழகிய ஃபோர்க், அதை விடமாட்டேன் என்றாள். அதன் மேல்குழாய் பழைய ஃபிரேமின் அளவுக்கு முன்பே வெட்டப்பட்டது. இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் ஐயா கேட்டதால் விளக்கிச் சொல்கிறேன். அந்தக் குழாய் ஃபிரேமின் கழுத்து வழியாக மேலே வரும். கழுத்துக்குள் அது தடையில்லாமல் திரும்புவதற்கான பேரிங்கும் மூடியும் சேர்ந்ததுதான் ஹெட்செட். கழுத்துக்கு வெளியே நிற்கிற குழாயை ஸ்டெம் கவ்விப் பிடிக்கும், ஸ்டெம்மோடுதான் ஹேண்டில்பார் சேரும். ஸ்டெம்மில் மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டு உண்டு. இரண்டும் குழாயைப் பிடித்தால்தான் ஹேண்டில் நம் சொல் கேட்கும்.

புது ஃபிரேமின் கழுத்து நீளம், குழாயோ குட்டை. அதனால் மேல்மூடி தட்டையான ஹெட்செட்டையும் கவ்வும் பகுதி குறைந்த ஸ்டெம்மையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்கலையே" என்று கணவர் சிரித்தார். கடைசியில் குழாய் ஸ்டெம்மின் மேல்விளிம்புக்குச் சற்றே கீழே வந்து நின்றது. அதுதான் சரியான நிலை.

அதன் பிறகு சின்னி வேறொரு ஹெட்செட்டும் ஸ்டெம்மும் கொண்டுவந்தாள். அந்த ஹெட்செட்டின் மேல்மூடி குல்லாய் போல உயரமாக இருந்தது. "இதைப் போடுங்க அண்ணி. ஹேண்டில் ஒசரமா இருந்தாத்தான் இறக்கத்துல எனக்குக் கை நடுங்காது" என்றாள். போன பந்தயத்தில் அவள் ஹேண்டிலைத் தாண்டிக் குப்புற விழுந்தவள். அவளைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, ஆகவே அவள் பயம் எனக்குத் தெரியும். அவள் கொண்டுவந்ததை இறுக்காமல் மேலே வைத்து, உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னேன். குழாய் மேல் போல்ட்டு வரை எட்டவில்லை. "மேல் போல்ட்டு வெறும் காத்தைத்தான் புடிக்கும் சின்னி. ஒத்தை போல்ட்டை நம்பி உன்னை மலையில இருந்து இறக்க மாட்டேன்" என்றேன். "நான் எது கேட்டாலும் உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, சாமான்களை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனாள். நான் எடுத்து வைத்திருந்ததையே பூட்டி முடித்தேன். அதன் பிறகு என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் ஊருக்குப் போய்விட்டேன். சைக்கிளை அவளிடம் ஒப்படைக்கும் வேலை என் கணவருடையது.

பந்தயத்தன்று காலை திரும்பி வந்து கடையைத் திறந்தபோது, நான் பூட்டிய ஹெட்செட்டும் ஸ்டெம்மும் தட்டில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. மாடி வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த கணவரிடம் போய்க் கேட்டேன். "கண்ணைக் கசக்கிட்டு நின்னா. ஒரே தங்கச்சி, என்னை என்ன பண்ணச் சொல்ற? நல்லா முறுக்கித்தான் விட்டேன். ஆடக்கூட இல்ல" என்றார். உள்ளே குழாய் எதுவரை நிற்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், சோப்பு நுரை கழுத்தில் இறங்கியது.

சின்னியின் போன் அணைந்திருந்தது. வேனை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். பந்தயக் கூடாரத்தில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேலே பந்தயம் புறப்படும் இடத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார், இரைச்சல்தான் வந்தது. "போட்டியாளர் சொன்னாத்தாம்மா நிறுத்த முடியும். சொந்தக்காரங்க எல்லாரும் பயந்துக்கிட்டுதான் இருப்பாங்க" என்றார். அவர் மீது எனக்குக் குறையில்லை. அடுத்து இறங்கப் போவது அவள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உடனே வண்டிப்பாதை பந்தயப் பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்துக்கு வேனில் ஏறிப் போனேன். அந்த இடத்தைத் தாண்டினால் கல் இறக்கம், பாறையும் கல்லுமாகச் செங்குத்தாக இறங்கும் பகுதி.

அதன் பிறகு பாதையோரம் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் பாதையின் நடுவில் கைகளை விரித்து நின்றேன். காவலுக்கு நின்றவர் விசில் அடித்தார். சின்னி வளைவில் இருந்து வந்தாள். "தள்ளுங்க அண்ணி" என்று கத்தினாள். நான் தள்ளவில்லை. அவள் பிரேக் பிடித்தாள், பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. பக்கவாட்டில் வந்த ஹேண்டிலை நான் இரண்டு கையாலும் பிடித்தேன். இருவரும் சைக்கிளோடு ஓரப் பள்ளத்தில் விழுந்தோம். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, எனக்கு முழங்கையில் தையல். "கெடுத்துட்டீங்களே அண்ணி" என்றாள். அவளைத் தூக்குவதற்கு முன் நான் ஸ்டெம்மைத்தான் பார்த்தேன் என்று புகாரில் சொல்லியிருப்பது உண்மை. அது அசையாமல் இருந்தது.

நேற்று காவல் நிலைய வாசலில் ஐயா முன்னிலையில் ஸ்டெம்மின் மூடியைக் கழற்றினேன். ஐயா விரலை உள்ளே விட்டு, மேல் போல்ட்டுக்கு நேராகக் குழாய் இல்லை என்று தொட்டுத் தெரிந்துகொண்டார். அப்படியே இறங்கியிருந்தால் கழன்றிருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பிடித்திருக்கவும் கூடும். என் கணவர் முறுக்கியதில் குறையில்லை, பொருத்தத்தில்தான் குறை. அவர் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்கு அவரை விட்டுவிட்டுப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கால் தவறி அவள் மேல் விழுந்துவிட்டேன் என்று நான் சொன்னால், புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சின்னி ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லி அனுப்பினாள். குடும்பத்துக்கு அதுதான் நல்லது என்று என் கணவரும் சொல்கிறார்.

நான் சொன்னது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "தவறுதலாக ஹேண்டிலைப் பிடித்ததில்" என்று எழுதியிருந்தது. அதில் முதல் சொல்லை அடிக்கச் சொன்னேன். ஐயா ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்துத்தான் பிடித்தேன். அடித்த இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, சொன்னது உண்மை.

(ஒப்பம்)