குண்டா, சாப்பிட்டியா?

தேங்காய் சுவையில் வரும் தின்பண்டம் எதுவும் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஒரு விஷயத்தை நான் ஆசைப்பட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் யூ போ-ஹான். வயது முப்பத்திரண்டு. தைனானிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் நம் ஊரில், குப்பை வண்டிகளை அனுப்பும் தனியார் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் மூவருக்கும் இது தெரியும். ஆனாலும் வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருக்கிறது.

ஆகஸ்டில் நான்கு நாட்கள் பதினான்கு வண்டிகளும் கிளம்பவில்லை. நம் ஊர்த் தெருக்களில் குப்பைத் தொட்டி கிடையாது. மாலையில் வண்டியின் பியானோ இசை கேட்டால்தான் சனம் பையோடு வாசலுக்கு வரும். அந்த நான்கு மாலையும் பையோடு வந்து நின்றார்கள். பையோடு திரும்பிப் போனார்கள். மீன் தலைகளையும் பழத்தோலையும் உறைபெட்டியில் சேர்த்து வைத்தவர்களுக்கு மூன்றாம் நாள் ஐஸ்கட்டி வைக்க இடமில்லை. ஒருவர் தன் பையைப் பரிசுத்தாளில் சுற்றி ரயிலில் மறந்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

வண்டிகளை அனுப்பும் கருவியில் பழுது எதுவும் இல்லை. நான் எழுதியபடியே அது வேலை செய்தது.

தினமும் மூன்று மணிக்கு, லாய் அண்ணன் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். வண்டிகளை அனுப்பும் அதிகாரம் அவருடைய கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் உண்டு. அந்த வரி சரியாக இருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் வழித்தடம் போகும், இசை தயாராகும். ஒரு எழுத்து பிசகினால் "பிழை 17" என்று மட்டும் வரும். பதினாறு வரை என்ன என்று யாருக்கும் தெரியாது. லாய் அண்ணன் தட்டச்சுப் பலகையைத் தட்டுகிற தட்டில் அடுத்த அறைத் தேநீர்க் கோப்பைகள் குலுங்கும்.

இதைப் பயனருக்கு இணக்கமாக மாற்றச் சொன்னவர் மேலாளர் ஜியான். உத்தரவு எழுத்தில் இருக்கிறது.

இதற்கென்றே எழுதி வைத்த லைப்ரரிகள் இருக்கின்றன. வேறு யாரோ பொறுமையாகச் செய்து வைத்த நிரல்களின் தொகுப்பு. எடுத்துச் சேர்த்துக்கொண்டால் போதும். தப்பாகத் தட்டினால் "நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்று கேட்கும். நிறம் காட்டும். உதவிக் குறிப்பு எழுதும். முக்கியமாக, ஒரு வேலையைச் செய்வதற்கு முன் நின்று கேள்வி கேட்கும். ஒரு வாரத்தில் முடித்தேன். லாய் அண்ணன் எனக்கு ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்துத் தேநீர் வாங்கித் தந்தார். மார்ச் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

மார்ச்சில் முதல் கேள்வியைச் சேர்த்தேன். "குண்டா, சாப்பிட்டியா?" ஆமாம் என்றால் வேலை தொடங்கும். அலுவலகமே வந்து பார்த்துச் சிரித்தது. லாய் அண்ணன் மட்டும் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"யாரப் பாத்துத் தம்பி குண்டாங்குது? எனக்கு இடுப்புல பெல்ட்டே நிக்க மாட்டேங்குது."

பொதுவான, அன்பான விளி என்று விளக்கினேன்.

அவர் சாப்பிடாமலே ஆமாம் என்று தட்டுவதைக் கவனித்தேன். ஆகவே இரண்டாவது கேள்வி: "என்ன சாப்பிட்ட?" அவர் சோறு என்று தட்டினார். மறுநாளும் சோறு. மூன்றாம் நாள் கருவி, "நேத்தும் அதையேதானே சொன்ன" என்று நின்றுவிட்டது. சொன்னதைத் திரும்பச் சொன்னால் ஏற்காதபடி மாற்றியிருந்தேன். பொய் சொல்லிப் பார்த்தார். பொய்க்கும் தினம் ஒரு புதுப் பண்டம் தேவைப்பட்டது. ஏப்ரல் நடுவில் அவருக்குப் பொய் தீர்ந்துபோய், உண்மையிலேயே சாப்பிடத் தொடங்கினார். முள்ளங்கி அடை, சிப்பி சேமியா, முட்டைச் சுருள், வாத்து ரத்தக் கட்டி. பெல்ட் நின்றது. இதை ஒரு வெற்றியாக அரையாண்டு அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி குடை பற்றியது. அதில் யாருக்கும் குறை இல்லை.

இப்படிப்பட்ட கருவிகள் எல்லாவற்றிலும் ஒரு சுருக்குவழி இருக்கும். கட்டளையின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். லாய் அண்ணன் அதை மே மாதம் கண்டுபிடித்தார். ஜூனில் எடுத்துவிட்டேன்.

"தம்பி, அந்த ஆமாம் போடுற எழுத்து எங்க போச்சு?"

"எடுத்துட்டேண்ணே. பயனர்கள் அதத் தவறா பயன்படுத்துறாங்க."

"பயனர்கள்னா நான் ஒருத்தன்தானேடா."

அவர் சொன்னது சரிதான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருவர் கேட்டால், பதில் சொல்லிவிட்டுத்தானே போகிறோம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று கதவில் ஒட்டிவிட்டுப் போவதில்லை.

படிவத்தில் குடும்ப நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. மனைவியை இழந்தவர் என்பதில் குறியிட்டிருக்கிறேன். வென்-லிங் எல்லோரையும் சாப்பிட்டாயா என்று கேட்பாள். என்னை, அடுக்ககக் காவலாளியை, மூன்றாம் மாடி நாயை. அவளை யாரும் கேட்டதாக நினைவில்லை. வயிறு வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். கையில் இருக்கும் வேலை முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றேன். எந்த வேலை என்று இப்போது ஞாபகம் வரவில்லை. இந்த விவகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டம் இருந்ததால் எழுதினேன்.

நான்காவது கேள்வியை ஆகஸ்ட் முதல் வாரம் சேர்த்தேன். "டாக்டர்ட்ட கடைசியா எப்ப போன?" ஒரு வருடத்துக்குள் என்றால் மருத்துவமனைச் சீட்டின் எண்ணைக் கேட்கும். அதற்கு மேல் என்றால் காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

முதல் நாள் மூன்று மணிக்கு லாய் அண்ணன் என் மேசைக்கு வந்தார். அவர் கடைசியாக டாக்டரைப் பார்த்து ஆறு வருடம்.

"போனா ஏதாச்சும் சொல்லிருவாங்கடா."

"சொல்றதுக்குத்தானே அண்ணே போறது."

"அதான் போகல."

திரும்பிப் போய், மெஷின் சூடாகிவிட்டது, யாரும் தொடக் கூடாது என்று சொல்லித் திரையின்மேல் துண்டைப் போட்டுவிட்டார். கருவி எதற்காக நிற்கிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் வெட்கத்தால் சொல்லவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

இரண்டாம் நாள் காலை மேலாளர் ஜியான் என்னிடம் வந்தார். நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்ப்போமா என்றார். பார்த்தால் கேள்விகள் நான்கும் போய்விடும். நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"சார், பொட்டலத்தப் பாத்தீங்களா?"

சர்வர்மேல் வைக்கும் பச்சைப் பொட்டலம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் வெண்ணெய் போட்ட சோளப்பொரி, மெஷின் சமர்த்தாக இருப்பதற்காக வைப்பது. பச்சைதான், வேறு நிறம் கூடாது. பிரிக்கக் கூடாது. தேதி முடிந்திருக்கக் கூடாது. முடிந்தால் மெஷின் சண்டித்தனம் செய்யும். எம்.எஸ்ஸி. படித்த மேலாளர் ஜியான் முகம் வெளிறி ஓடினார். பொட்டலத்தின் தேதி போன வருடம் மார்ச்சோடு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு யாரும் நிரலைத் திறக்கச் சொல்லவில்லை. மூன்று புதுப் பொட்டலங்கள் வந்தன. கருவி காத்துக்கொண்டிருந்தது. பழைய பொட்டலத்தின் கோபம் தணியவில்லை என்று முடிவாகி, பழமும் ஊதுவத்தியும் வந்தன. கருவி காத்துக்கொண்டிருந்தது.

பொட்டலம் வாங்கும் பொறுப்பு பாங் அக்காவுடையது. விசாரணை அவர்மேல் திரும்பியது. வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்ற உத்தரவு தயாரானது. அவருக்கு முட்டிவலி இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏழு வருஷமா வாங்குறேன். மாசத்தையும் நாளையும் ரெண்டு தடவ பாப்பேன். இது என் பொட்டலமே இல்ல போ-ஹான். நீயாவது எடுத்துச் சொல்லேன்."

"யாருக்கும் ஒரு தடவ தவறும்க்கா" என்றேன். என் மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அது அவர் வாங்கிய பொட்டலம் இல்லை என்பதை இங்கே உறுதி செய்கிறேன். வீட்டில் என் கணினிமேல் ஒன்று இருந்தது. வென்-லிங் வைத்தது. தேதி முடிந்த பிறகு மாற்ற ஆள் இல்லை. இரண்டாம் நாள் விடிந்ததும் அதைக் கொண்டுவந்து சர்வர்மேல் வைத்தேன். பாங் அக்காவின் நல்ல பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.

எடுத்ததை என்ன செய்வது என்பது பெரிய சிக்கலாக இருந்தது. எறிந்துவிடலாம். ஆனால் ஊரில் குப்பை வண்டி ஓடவில்லை. ஆகவே தின்றேன். மாடிப்படியில் நின்று, பொரி பொரியாக, முழுவதையும். உறை என் உறைபெட்டியில் மீன் தலைகளுக்குக் கீழே இருக்கிறது. சர்வரின் பொட்டலத்தைத் தின்றவன் என்று இந்தத் தீவில் இதுவரை யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எத்தனையாவது பிரிவில் வழக்கு வரும் என்று தெரிவிக்கவும்.

ஐந்தாம் நாள் மதியம் லாய் அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மூன்றே காலுக்குச் சீட்டு எண்ணைத் தட்டினார். மூன்றரைக்குப் பதினான்கு வண்டிகளும் இசையோடு கிளம்பின. தெருக்களில் கைதட்டினார்களாம். அவருக்கு இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது, மார்ச்சுக்குப் பிறகு. அது என் இரண்டாவது கேள்வியால் வந்தது.

தனிப்பட்ட நோக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என் வீட்டுக் கணினியிலிருந்து இந்தக் கருவி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு முறை இயக்கப்பட்டிருப்பதைப் பதிவேட்டில் காட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும், சாந்திரப் புத்தாண்டு விடுமுறையிலும், முதல் கேள்வி அலுவலகத்துக்கு வருமுன்பே, ஜனவரியிலிருந்தும். அவை சோதனை ஓட்டங்கள். கேள்வி சரியாக வருகிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

பாங் அக்காவைப் பழைய இடத்திலேயே விடவும். கேள்விகளைத் திங்கட்கிழமை நீக்கப் போவதாகச் சொன்னீர்கள். ஆட்சேபனை இல்லை. மூன்றாம் சான்றுப்பொருளான பழைய பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னிடம் திருப்பித் தர வேண்டும்.

கடைசியாக, அலுவலகத்தில் யார் குண்டு, எதற்காக அந்த விளி என்று குழுத் தலைவர் கேட்டிருந்தார். யாரும் இல்லை. போன வருடம் வரை நான் எண்பத்தாறு கிலோ இருந்தேன். இப்போது ஐம்பத்தொன்பது. ஆனால் அந்த வரியை எழுதியபோது நான் யாரையும் மனதில் வைக்கவில்லை. பொதுவாக ஒரு பயனரை நினைத்துத்தான் எழுதினேன்.