எட்டுப் பாராட்டும் ஒரு புகாரும்

எட்டு போன் மேடம். ஒன்பது இல்ல, எட்டு. லாரி டிரைவர் நான், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் நான், மாசமா இருக்கற அக்கா நான், முன்பல்லு விழுந்த ரெண்டாங்கிளாஸ் பாப்பாவும் நான். மிச்சம் நாலு பேரும் நான்தான். ஒத்துக்கிட்டாச்சு. அப்பாவுக்கு இதுல துளிகூட சம்பந்தம் கிடையாது, அதை முதல்ல எழுதுங்க. எழுதிட்டீங்களா? எனக்குத் தலைகீழாவும் படிக்கத் தெரியும், அதான் கேட்டேன்.

நீங்க யூனிஃபார்ம் இல்லாம சாதா டிரஸ்ல வந்தப்பவே புரிஞ்சுடுச்சு மேடம். உங்க போலீஸ் கையேட்டுல முப்பத்தொண்ணாம் பக்கம். பதினெட்டு வயசு ஆகாதவங்களை விசாரிக்கணும்னா ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, சீருடையில போகக் கூடாது, வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் காதுக்கெட்டுற தூரத்துல இருக்கணும். அம்மா அடுப்படியில வெங்காயம் உரிக்கறாங்க, கதவு தொறந்துதான் இருக்கு. அவங்க காதைப் பத்தி நீங்க கவலையே பட வேணாம். நான் மாடியில சாக்லேட் பேப்பரைப் பிரிச்சா கீழ இருந்து பங்கு கேக்கற காது.

எப்படி இவ்ளோ தெரியும்னா? அப்பாவுக்கு நான்தானே வாத்தியார். போன வருஷம் உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நீலக் கலர் புக்கு குடுத்தாங்களே, கொள்கைகளும் வழிகாட்டும் மதிப்புகளும்னு. நூத்திப் பன்னெண்டு பக்கம். அதுல பரீட்சை வேற. தேறலைன்னா திரும்பவும் ட்ரெய்னிங் காலேஜ். அப்பா இருபது வருஷமா ஜங்ஷன்ல நின்னு கை காட்டுனவர். அந்தக் கையில புக்கு வந்தா கண்ணு தானா சொருகிடும். மூணாம் பக்கத்தைத் தாண்டவே இல்ல.

நான் என்ன பண்ணேன், பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு உங்க கமிஷனர் குரலை எடுத்து விட்டேன். டிவியில பேசுவாரே, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு பஸ்ஸே போற அளவுக்கு இடம் விட்டு. போக்குவரத்துக்... காவலரே... நமது... துறையின்... மதிப்புகள்... யாவை. உள்ள தண்ணிச் சத்தம் டக்குனு நின்னுச்சு. அப்பா துண்டைக் கட்டிக்கிட்டு, தாடையெல்லாம் சோப்பு நுரையோட வெளிய வந்து அட்டென்ஷன்ல நின்னார். நேர்மை, மரியாதை, பாரபட்சமின்மை, பொறுமை, பொறுப்பு. ஒரே மூச்சுல. அப்புறம்தான் என்னைப் பாத்தார். துரத்துனார். சோப்புக் காலோட வழுக்கி, சோஃபாவுல விழுந்து, அங்கயே கிடந்து சிரிச்சார்.

ஒரு மாசம் எங்க வீடு அப்படித்தான் ஓடுச்சு. காலையில கமிஷனர், மத்தியானம் கன்ட்ரோல் ரூம் அக்கா, ராத்திரி சாப்பாட்டுக்கு உங்க ட்ரெய்னிங் காலேஜ் பிரின்சிபால். அம்மாகூட ஒருநாள் குழம்புல உப்பு இல்லன்னதுக்கு, புகாரை எழுத்து மூலமா குடுங்க, ஏழு நாள்ல பதில் வரும்னுட்டாங்க. அப்பா தொண்ணூத்தொரு மார்க். ஸ்டேஷன்லயே முதல். சர்ட்டிஃபிகேட் தந்தாங்க, அந்தா, டிவிக்கு மேல மாட்டியிருக்கு பாருங்க. லேசா கோணலா இருக்கும். அப்பாவே ஆணி அடிச்சது.

நீங்க சிரிக்கறீங்க மேடம். இதெல்லாம் குறிப்புல வருமா?

சரி, சரி. அதுக்கப்புறம்தான் அந்தப் புகார் வந்துச்சு. ஆமா, உங்க லிஸ்ட்ல முதல் வரி. முனையில குடை ரிப்பேர் பண்ற கிழவின்னு சொல்லிக்கிட்டு யாரோ பொதுமக்கள் லைனுக்கு போன் போட்டு, ஜங்ஷன் போலீஸ்காரர் ஒரு வண்டிக்காரரைக் கைநீட்டி அடிச்சுட்டார்னு சொல்லியிருக்காங்க. அது யாருன்னு என்னைக் கேட்டா? நாம எட்டைப் பத்திப் பேசுவோம் மேடம், அதுலதான் நான் எக்ஸ்பர்ட்.

பேர் சொல்லாம வந்த புகாரா இருந்தாலும் தள்ளக் கூடாது, விசாரிச்சு முடியற வரைக்கும் அந்த ஆளைப் பொதுமக்கள் பக்கமே விடக் கூடாது. நாப்பத்தாறாம் பக்கம். அப்பாவை ஜங்ஷன்ல இருந்து எடுத்துக் கிடங்குல போட்டாங்க. நான் ஒருநாள் டிபன் பாக்ஸ் குடுக்கப் போனேன். பிடிச்சு வச்ச சைக்கிள், ஹேண்டில் இல்லாத ஸ்கூட்டர், யாரோ பஸ்ல மறந்துட்டுப் போன ஒரு செயற்கைக் கால்கூட இருந்துச்சு. எல்லாத்துக்கும் நம்பர் எழுதி அட்டை கட்டறதுதான் வேலை. நான் அடிக்கவே இல்லைன்னு அப்பா எழுதிக் குடுத்துட்டார். புகார் குடுத்த கிழவி கிடைக்கல. அடிவாங்குன வண்டிக்காரரும் யாருன்னு தெரியல. அப்படியே மூணு மாசமா இழுக்குது.

அப்பா மாறிட்டார் மேடம். எப்படிச் சொல்றது. முன்னாடியெல்லாம் சாப்பிடறப்போ அம்மா ரெண்டாவது கரண்டி சோறு எடுத்தா இடது கையை உயர்த்தி நிறுத்துவார். எனக்கு வலது கையால, நீ போ, நீ போன்னு காட்டுவார். இப்ப எவ்ளோ போட்டாலும் தலையைக் குனிஞ்சு சாப்பிடறார். நான் கமிஷனர் குரல்ல கூப்பிட்டா, விளையாடாத கண்ணுன்னு மெதுவாச் சொல்றார். திட்டினாக்கூட நல்லா இருக்கும்.

ஒரு லீவு நாள் என்னையும் கூட்டிக்கிட்டு ஜங்ஷனுக்குப் போனார். ஒவ்வொரு கடையா ஏறி, இங்க குடை ரிப்பேர் பண்ற அம்மா எங்க உக்காருவாங்கன்னு கேட்டார். எவருக்கும் தெரியல. செருப்புக் கடைக்காரர் சொன்னார், சார், குடை கிழிஞ்சா யார் சார் இப்ப தைக்கறாங்க, புதுசு வாங்கிட்டுப் போயிடறாங்கன்னு. வெயில்ல திரும்பி வந்தோம். அந்த அம்மா கிடைச்சா என்னப்பா பண்ணுவீங்கன்னு கேட்டேன். தெரியலம்மான்னார்.

வர்ற திங்கக்கெழமை கமிட்டி. ஒரு பக்கம் புகார், ஒரு பக்கம் பொதுமக்கள் பாராட்டு, ரெண்டையும் வச்சுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். அறுபத்திரெண்டாம் பக்கம். ஜங்ஷனா, இல்ல வேலையே இல்லையா, ரெண்டுல ஒண்ணு. அப்பா பேருக்கு நேரா பாராட்டு எத்தனைன்னு பாத்தா முட்டை. இருபது வருஷம் வெயில்ல நின்ன மனுஷனுக்கு ஒருத்தர்கூட போன் பண்ணலை மேடம். பச்சை விழுந்ததும் போயிடறாங்க, நின்னு எவன் பாராட்டுவான்.

அதான், நான் பாராட்டினேன்.

அம்மா போன், மாமா போன், தையல்கடை அத்தை போன். லாரி டிரைவருக்குத் தொண்டையில கொஞ்சம் புகை ஏத்தினேன். எழுதிக்கம்மா, இருபது டன் சிமென்ட்டோட நடு ரோட்டுல நின்னுட்டேன், அந்த மனுஷன் தோள் குடுத்துத் தள்ளினாரும்மான்னு. உங்க லைன் அக்கா, இருபது டன்னையான்னு கேட்டாங்க. சமாளிச்சேன். ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தித் திருத்தித் திரும்பச் சொன்னார். மாசமா இருக்கற அக்கா நடுநடுவுல ஆ, அம்மான்னாங்க, உங்க லைன் அக்கா பதறிப்போய் ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னுட்டாங்க. வலி நின்னுடுச்சுன்னு சொல்லி போனை வச்சுட்டேன். பாவம், நல்ல பொண்ணு. அவங்களுக்கு ஒரு பாராட்டு சொல்லணும், நெசமாவே.

எங்க மாட்டினேன்னு நீங்க சொன்னப்போ எனக்கே அவமானமாப் போச்சு. எட்டு போன் பதிவையும் ஒரே நாள்ல உக்காந்து கேட்டீங்களாமே. எட்டுப் பேரும், அவர் எப்படிப்பட்டவர்னு கேட்டதும், நேர்மை, மரியாதை, பாரபட்சமின்மை, பொறுமை, பொறுப்பு. வரிசை மாறாம. லாரி டிரைவர் பாரபட்சமின்மைங்கறார். பல்லு விழுந்த பாப்பா, போலீத் மாமா பாரபத்தமின்மைங்குது. என்ன பண்றது மேடம், அப்பான்னு நெனச்சாலே அந்த வரிசைதான் வாயில வருது. அப்புறம் இன்னொண்ணு, போன வாரம் ரோட்டைத் தாண்ட வச்சார்னு ஹெட்மாஸ்டர் சொன்னப்போ அப்பா கிடங்குல ஸ்கூட்டருக்கு அட்டை கட்டிக்கிட்டு இருந்தார். அதை நான் யோசிக்கவே இல்ல.

ஆனா அப்பா சொல்லிக் குடுத்து நான் பேசினேன்னு மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா நேர்மைலயே அடிபட்டு நேரா வீட்டுக்குத்தான். அவருக்கு இந்த எட்டு போனும் தெரியாது. தெரிஞ்சா இன்னும் ரெண்டு கரண்டி சேத்துத் தலையைக் குனிஞ்சு சாப்பிடுவார், அவ்ளோதான்.

ஏன் மேடம் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டறீங்க.

ஓ. குரல் பிரிவுன்னு ஒண்ணு இருக்கா உங்ககிட்ட. ஒன்பதும் ஒரே ஆள்னுட்டாங்களா. கிழவி மூச்சு வாங்கற இடமும் ஹெட்மாஸ்டர் மூச்சு வாங்கற இடமும் ஒண்ணா. நல்ல காது. அம்மாவுக்கு அப்புறம் இப்பதான் கேள்விப்படறேன்.

சரி. ஒன்பது.

ஒண்ணும் இல்லம்மா. நீ வெங்காயத்தை உரி.

என்ன சொன்னீங்க? இல்ல, புரியல, திரும்பச் சொல்லுங்க. ஒரே ஆளோட விளையாட்டுன்னா ஒன்பதையுமே போலின்னு அடிச்சுடலாமா? புகாரையும் சேத்தா? அப்ப திங்கக்கெழமை கமிட்டியே கிடையாதா, அப்பா நேரா ஜங்ஷனுக்கா? எனக்கு வெறும் எச்சரிக்கையா? அடேயப்பா. எட்டுப் பாராட்டு செய்யாத வேலையை நான் மாட்டிக்கிட்டதே செஞ்சு குடுத்துடுச்சு பாருங்க. இது தெரிஞ்சிருந்தா முதல் நாளே வந்து மாட்டியிருப்பேன்.

எங்க கையெழுத்து, இங்கயா? குடுங்க பேனாவை.

மேடம், ஒரு சந்தேகம். இந்தப் போலிங்கற கட்டம் இருக்குல்ல. குரல் போலியா, விஷயம் போலியான்னு தனித்தனியா கட்டம் இருக்கா? இல்லையா. ஒரே கட்டம்தானா.

அப்ப முதல் வரிக்கு நேரா டிக் போடாதீங்க.

அன்னைக்கு எங்க ஸ்கூல் பஸ் சிக்னல்ல நின்னுச்சு. நாங்க கடைசி சீட்டு. ஜன்னல்ல யார் தெரிஞ்சாலும் நான் டப்பிங் குடுப்பேன், எங்க செட்டுக்கு அதான் டிவி. அப்பா நிக்கறதைப் பாத்ததும், உங்கப்பாவுக்குப் போடுடின்னாங்க. மூணு சக்கர வண்டியில ஒருத்தர் மெத்தை ஏத்திக்கிட்டு மிதிச்சு வந்தார். கயிறு அறுந்து மெத்தை நடு ரோட்டுல விரிஞ்சுடுச்சு. நாலு பக்கமும் ஹாரன். அப்பா நடந்து வர்றார். நான் அப்பா குரல்ல, ஐயா, படுக்கறதா இருந்தா ஓரமாப் படுங்கன்னேன். பஸ்ஸே சிரிக்குது. அந்த ஆள் ரெண்டு கையையும் விரிச்சு ஏதோ சொன்னார், அவருக்கும் நானே, தலகாணி வேணுமா சார்னு பதில் குடுத்தேன். அப்ப அப்பா கை ஓங்குச்சு.

கண்ணாடி மூடியிருந்துச்சு மேடம், வெளிச் சத்தம் எதுவும் கேக்கல. எல்லாரும் திரும்பி என் வாயைத்தான் பாத்தாங்க. அடிக்கும் நான்தானே சத்தம் குடுக்கணும்.

குடுத்தேன். பளார்னு. ரொம்பப் பொருத்தமா விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்புறம் அந்த வண்டிக்காரர் குனிஞ்சு மெத்தையைச் சுருட்டினார். அவருக்கு எந்தக் குரலும் குடுக்க வரல எனக்கு. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா கையேட்டைப் புரட்டினேன். அப்பா மேல பொண்ணு புகார் குடுக்கறதுக்குப் பக்கமே இல்ல அதுல. அதான் கிழவி.

வாம்மா. வந்து உக்காரு. கேட்டுட்டல்ல.

ஆமா மேடம், தெரிஞ்சுதான் சொல்றேன். திங்கக்கெழமை என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். மத்த எட்டையும் அடிச்சுடுங்க. ஆனா கிழவியும் இல்ல, புகாரும் இல்லன்னு எழுதிட்டா, அந்த மெத்தைக்காரரும் இல்லைன்னு ஆயிடும்ல. எழுதுங்க. செவ்வாக்கெழமை, நாலே கால். வலது கை. அவருக்கு இடது கன்னம்.

அப்பா ஆறு மணிக்கு வந்துடுவார். அதுவரைக்கும் இருப்பீங்களா மேடம்? இருக்கணும்னு ரூல் எதுவும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்.